போடு (வினைச்சொல்)

போடு என்பது தமிழில் மிகுதியாகப் புழங்கும் வினைச்சொற்களுள் ஒன்றாகும். 'கீழே விழச் செய்', 'எறி', 'ஓரிடத்தில் இடு' என்பன இதன் அடிப்படைப் பொருள்கள். எனினும் பேச்சு வழக்கில் இச்சொல் தன் சொந்தப் பொருளில் வருவதைவிட, முன்னே நிற்கும் ஒரு பெயர்ச்சொல்லுடன் சேர்ந்து வேறொரு பொருள் தருவதே மிகுதி. கோலம் போடுதல் என்பது வரைதல். சட்டை போடுதல் என்பது அணிதல். கோழி முட்டை போடுவது ஈனுதல். தேநீர் போடுதல் என்பது தயாரித்தல். வெற்றிலை போடுதல் என்பது மெல்லுதல். ஓட்டுப் போடுதல் என்பது வாக்களித்தல். இவை அனைத்திலும் வினை ஒன்றே, செயல்கள் வெவ்வேறு.

ஒரே சொல் தொடர்புடைய பல பொருள்களைத் தருவதை மொழியியலார் பல்பொருள் தன்மை என்பர். பிரெஞ்சு மொழியியலாளர் மிசேல் பிரெயால் 1897இல் வெளியிட்ட தம் நூலில் இதற்குத் தனிப்பெயர் சூட்டினார். அமெரிக்கரான சார்ச்சு கிங்சிலி சிப்பு 1945இல், அடிக்கடி பயன்படும் சொற்களுக்கே பொருள்களும் அதிகம் என்பதை எண்ணிக்கை முறையில் காட்டினார். ஆங்கிலத்தில் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு 'செட்' என்னும் வினை. 1989இல் வெளிவந்த ஆக்சுபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு அதனுடையதே. பின்னர் நடந்த திருத்தப் பணியில் 'ரன்' என்னும் வினை அதனை முந்தியது. தமிழில் அவற்றுக்கு ஒப்பாக அடி, எடு, பிடி, விடு, கட்டு, போடு ஆகிய வினைகளைக் கூறலாம். அவற்றுள்ளும் போடு என்பது நாள்தோறும் புதிய பெயர்ச்சொற்களைச் சேர்த்துக்கொண்டே வருவது.

சொல்லின் வடிவம்

போடு என்பதன் இறந்தகால வடிவம் போட்டான் என்பதாகும். இது முதற்பார்வையில் இயல்பாகத் தோன்றினாலும் உண்மையில் ஒரு விதிவிலக்கு. நெடிலை அடுத்து 'டு' வரும் பிற வினைகள் ஓடு – ஓடினான், பாடு – பாடினான், தேடு – தேடினான், மூடு – மூடினான் என்றே இறந்தகாலம் பெறுகின்றன. அவ்வரிசைப்படி 'போடினான்' என்றே வந்திருக்க வேண்டும். ஆனால் போடு அவ்வாறு செல்லாமல், குறிலை அடுத்து 'டு' வரும் இடு – இட்டான், விடு – விட்டான், நடு – நட்டான் என்னும் வரிசையில் ஒற்று இரட்டித்து வருகிறது.

இதற்குக் காரணம் இச்சொல்லின் உள்ளே ஓர் 'இடு' மறைந்திருப்பதே எனக் கருதுவர். போக்கிவிடு, எறிந்துவிடு என்னும் பொருளில் 'போகடு' என்றொரு வினை முற்காலத்தில் வழங்கியது. இடைக்கால வைணவ மணிப்பிரவாள உரைகளில் 'போகட்டு' என்னும் வடிவம் பலமுறை வருகிறது. அது சுருங்கிப் போடு ஆயிற்று என்பது பொருந்தக்கூடிய விளக்கம். சாப்பிடு, கூப்பிடு, கும்பிடு ஆகிய சொற்களும் இவ்வாறே 'இடு'வைத் தம்முள் கொண்டு, சாப்பிட்டான், கூப்பிட்டான், கும்பிட்டான் என இறந்தகாலம் பெறுகின்றன. ஆக, பள்ளி மாணவர் எவரும் பயிற்சியின்றியே சரியாகச் சொல்லும் 'போட்டான்' என்னும் வடிவத்தில் அச்சொல்லின் பழைய வரலாறு தங்கியுள்ளது எனலாம்.

இடு, வை, போடு

சங்க நூல்களில் பரவலாகக் காணப்படுவது இடு என்னும் வினையே. போடு காலத்தால் பிற்பட்டது. இன்று இவ்விரண்டும் ஒரே வேலையை இரண்டு தளங்களில் செய்கின்றன. பேச்சில் கோலம் போடு, எழுத்தில் கோலமிடு. பேச்சில் கையெழுத்துப் போடு, எழுத்தில் கையெழுத்திடு. அதுபோலவே திட்டமிடு, கூச்சலிடு, தூண்டிலிடு, முட்டையிடு என்பனவும். இடுகாடு என்னும் சொல்லிலும், 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்னும் பழமொழியிலும் உள்ள 'இடு'வைப் பேச்சில் சொல்ல நேர்ந்தால் போடு என்றே வரும்.

ஆனால் எல்லா இடத்திலும் இவை மாற்றிக்கொள்ளத் தக்கவை அல்ல. கட்டளையிடு என்பதற்குக் 'கட்டளை போடு' என்பது சற்று ஏளனக் குறிப்புடையது. மறுபுறம், சட்டை போடு என்பதைச் 'சட்டையிடு' என்று தமிழ்நாட்டில் எவரும் எழுதுவதில்லை. அங்கு அணி, உடுத்து என வேறு வினையை நாட வேண்டியுள்ளது. சாப்பாடு போடு என்பது உணவு பரிமாறு ஆகிறது. ஓட்டுப் போடு என்பது வாக்களி ஆகிறது. ரோடு போடு என்பது சாலை அமை ஆகிறது. இதனால் பேச்சில் ஒரு வினையைக் கொண்டு நடக்கும் மாணவர், எழுத அமர்ந்தவுடன் பத்துப் பன்னிரண்டு வினைகளைத் தேட வேண்டியவராகிறார். கட்டுரை ஏட்டில் போடு என்று எழுதினால் அது கொச்சை எனத் திருத்தப்படுவதும் உண்டு. இது முழுதும் நியாயமானதன்று. போடு என்பது சிதைந்த சொல் அன்று, பேரகராதிகள் ஏற்றுக்கொண்ட முழுமையான தமிழ் வினையே.

வை என்னும் வினையுடன் உள்ள வேறுபாடு இன்னும் நுட்பமானது. ஒரு பொருளை நிலையாக, நிமிர்த்தி, கவனத்துடன் ஓரிடத்தில் நிறுத்துவது வைத்தல். கை விட்டதும் அது தானே விழுந்தோ படிந்தோ கிடக்குமாறு விடுவது போடுதல். குடத்தைத் திண்ணையில் வைப்பர். பாயைத் திண்ணையில் போடுவர். புத்தகத்தை மேசையில் வை என்பதற்கும் மேசையில் போடு என்பதற்கும் உள்ள வேறுபாடு சொல்பவரின் மனநிலையையும் காட்டிவிடும். ஆயினும் குழந்தையைத் தொட்டிலில் 'போடுவது' கவனக்குறைவு அன்று; தொட்டில் துணி குழந்தையின் உடலைத் தாங்கி வளைந்துகொள்வதால் அங்கு வை பொருந்துவதில்லை. சமையலறையில் குழம்பு வைக்கிறார்கள், தோசை சுடுகிறார்கள் அல்லது ஊற்றுகிறார்கள், காப்பியும் தேநீரும் மட்டும் போடுகிறார்கள். இதற்கு ஒரே சீரான விதி கூற இயலாது.

போடு என்பதன் விளைவைச் சொல்லும்போது பெரும்பாலும் விழு என்னும் வினை வருவது கவனிக்கத்தக்கது. ஓட்டுப் போட்டால் ஓட்டு விழுகிறது; முடிச்சுப் போட்டால் முடிச்சு விழுகிறது; சீட்டுப் போட்டவருக்கு ஒரு மாதம் சீட்டு விழுகிறது; ஒரு போடு போட்டால் அடி விழுகிறது. 'கீழே விழச் செய்' என்ற அடிப்படைப் பொருள் முற்றிலும் மறைந்துவிடவில்லை என்பதற்கு இந்த இணைகளே சான்று.

காரியாபட்டி வட்டார வழக்கில்

விருதுநகர் மாவட்டத்தில், மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை செல்லும் சாலையில் அமைந்துள்ள காரியாபட்டியும் அதனை அடுத்த திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பகுதிகளும் மானாவாரி நிலங்கள். வடகிழக்குப் பருவமழையையும் கண்மாய்களையும் நம்பிய இப்பகுதியின் உழவு, கால்நடை, நெசவு, கரித்தொழில் ஆகிய நான்கிலும் போடு என்னும் வினை தொழிற்சொல்லாகவே நிற்கிறது.

மானாவாரி நிலத்தில் பயிரிடுவதை இங்கு 'போடுதல்' என்றே கூறுவர். "இந்த வருசம் பருத்தி போட்டிருக்கு", "கம்பு போடலை, உளுந்துதான் போட்டோம்" என்பன இயல்பான கூற்றுகள். நெல்லுக்கு நடு, நாற்றுப் பாவு எனத் தனி வினைகள் உண்டு. நாற்றங்கால் இல்லாத புன்செய்ப் பயிருக்கு, விதையை மண்ணில் போட்டுவிட்டு மழையை எதிர்நோக்குவதே வேலை என்பதால் இவ்வினை பொருத்தமாகவே அமைந்துள்ளது. இவ்வழக்கால் ஒரு வேடிக்கையும் நேர்கிறது. கல்லூரி மாணவர் வழக்கில் 'கடலை போடுதல்' என்றால் இளம் ஆணும் பெண்ணும் வெட்டிப்பேச்சில் நேரம் கழித்தல். செம்மண் காட்டில் நிலக்கடலை விதைத்த முதியவர் "நேத்துதான் கடலை போட்டு முடிச்சோம்" என்று சொல்லும்போது பேரப்பிள்ளைகள் சிரிப்பதன் காரணம் அவருக்கு விளங்காது போகலாம்.

நீர் தொடர்பான சொற்களில் இவ்வினை ஒரு வரலாற்று மாற்றத்தையும் காட்டுகிறது. கண்மாய் 'வெட்டியது', கிணறு 'வெட்டியது' அல்லது 'தோண்டியது'. ஆனால் ஆழ்துளைக் கிணறு 'போட்டது'. "போர் போட்டும் தண்ணி வரலை" என்னும் தொடர் இவ்வட்டாரத்தில் ஒரு குடும்பத்தின் கடன் கதையைச் சுருக்கிச் சொல்வது. மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு பல நாள்கள் மனிதர் செய்த வேலைக்கு வெட்டு என்பதும், இயந்திரம் வந்து குழாயை இறக்கிவிட்டுச் செல்லும் வேலைக்குப் போடு என்பதும் வழங்குவது இயல்பே. ரோடு, தண்டவாளம், குழாய், வேலி, பந்தல், கொட்டகை ஆகியவற்றையும் போடுவர். வீட்டையும் பாலத்தையும் மட்டும் கட்டுவர். பிற வட்டாரங்களில் வைக்கோல் அடுக்குவதைப் 'போர் போடுதல்' என்பதுண்டு. தென்மாவட்டங்களில் அதனைப் படப்பு என்பதால் இங்குக் குழப்பம் எழுவதில்லை.

கிடை போடுதல் என்பது ஆட்டு மந்தையை இரவில் ஒருவரது நிலத்தில் அடைத்து வைத்து, அதன் புழுக்கையும் சிறுநீரும் அம்மண்ணுக்கு உரமாகுமாறு செய்வதாகும். நிலத்துக்காரர் இதற்கெனக் கீதாரிக்குப் பணமோ தானியமோ தருவர். அறுவடை முடிந்து அடுத்த விதைப்புத் தொடங்குமுன் இது நடைபெறும். கிடைக்குள் ஆடு குட்டி 'போடும்'. இதையே மனிதருக்குச் சொன்னால் பெரும் வசையாகிவிடும். பணத்துக்குச் சொல்லலாம், வட்டி குட்டி போடுவதாகக் கூறுவதைக் கடன்பட்டவர் வாயில் கேட்கலாம்.

மூட்டம் போடுதல் என்பது சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் கரியாக்கும் தொழிலுக்குரிய சொல். துண்டாக்கிய விறகைக் குவியலாக அடுக்கி, மேலே தழையும் வைக்கோலும் பரப்பி, மண்ணால் மூடி, காற்று மிகக் குறைவாகவே நுழையுமாறு விட்டுத் தீயிடுவர். விறகு சாம்பலாகாமல் பல நாள்கள் கனன்று கரியாகும். மழை பொய்த்த ஆண்டுகளில் பருத்தி போட்டவர்க்கு மூட்டம் போடுவதே பிழைப்பாவதுண்டு.

அருப்புக்கோட்டை நெசவிலும் இச்சொல் வருகிறது. நூலுக்குச் சாயம் போடுதல், பாவுக்குக் கஞ்சி போடுதல், தறி போடுதல் என்பன அவை. கஞ்சி போடுவது பாவு நூல் அறுபடாமல் இருப்பதற்காக. 'தறி போட்டார்' என்றால் ஒரு தறியை நிறுவி, அதனைத் தொழிலாகத் தொடங்கினார் என்பது பொருள்.

இவை யாவற்றுக்கும் மேலாகச் 'சோறு போடு' என்னும் தொடர் நிற்கிறது. இதன் நேர்ப்பொருள் உணவு பரிமாறுதல். விரிந்த பொருள் வாழ்வளித்தல். "அந்தக் காடு எங்களுக்குச் சோறு போடலை, தறிதான் சோறு போட்டது" என்றால் ஒரு குடும்பம் உழவை விட்டு நெசவுக்கு மாறிய செய்தி அதிலுள்ளது. "இந்தப் படிப்புச் சோறு போடுமா?" என்பது பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் மாணவரிடம் கேட்கப்படும் கேள்வி. இவ்விடத்தில் போடு என்பதற்கு ஈடாக அளி, பரிமாறு என எதை எழுதினாலும் பொருள் நீர்த்துவிடுகிறது.

திருமணப் பேச்சிலும் இவ்வினைக்கு ஓர் இடம் உண்டு. பெண் வீட்டார் மகளுக்கு நகை செய்து அணிவித்து அனுப்புவதை 'பவுன் போடுதல்' என்பர். "எத்தனை பவுன் போடுவாங்க?" என்பது கேள்வி. சில நேரங்களில் பெயர்ச்சொல்லும் மறைந்து "எவ்வளவு போடுவாங்க?" என்றே வரும். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் இயற்றப்பட்டது. ஆனால் கேட்டவர் 'கொடு' என்று கேட்கவில்லை, வாங்குபவர் 'வாங்கினேன்' என்று சொல்லவும் தேவையில்லை. பெற்றவர் தம் மகளுக்குத் தாமே போட்டார் என்று முடிந்துவிடுகிறது. கொடுக்கல் வாங்கலை மறைக்க இவ்வினை மிக வசதியாக அமைந்துவிட்டது என்றே கூற வேண்டும்.

மருத்துவமனையில் போடு

இச்சொல்லின் பல்பொருள் தன்மை உண்மையில் கவனம் கோரும் இடம் மருத்துவமனையே. ஊசி போடுதல், கட்டுப் போடுதல், மாவுக்கட்டுப் போடுதல், தையல் போடுதல், குளுக்கோசு போடுதல் ஆகியவை மருத்துவரோ செவிலியரோ நோயாளிக்குச் செய்பவை. மாத்திரை போடுதல் என்பதோ நோயாளி தானே விழுங்குவது. மருந்து போடுதல் என்றால் புண்ணின் மேல் தடவுவது. உட்கொள்வதாயின் மருந்து சாப்பிடுதல் அல்லது குடித்தல். 'தண்ணி போட்டிருக்கிறார்' என்பது அவர் நீர் அருந்தினார் என்பதன்று, மது அருந்தியுள்ளார் என்பது. 'பொடி போடுவார்' என்றால் மூக்குப்பொடி. தமிழைப் பிற்காலத்தில் கற்று இங்குப் பணியாற்ற வரும் வேற்று மாநில மருத்துவர் ஒருவர் இவற்றை அகராதியைக் கொண்டு மட்டும் புரிந்துகொள்வது கடினம்.

பருத்திக் காட்டுப் பகுதியில் மருந்து என்னும் சொல்லுக்கே இன்னொரு பொருளும் உண்டு. பயிருக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லியும் மருந்துதான். "மருந்தைக் குடித்துவிட்டார்" என்று பதறி ஓடிவருபவர் சொல்வது நோய்க்கு மருந்து உட்கொண்டதை அன்று. அங்கு ஒரு நிமிடத் தாமதமும் உயிர் தொடர்பானது.

செய்பவர் யார், செய்யப்படுபவர் யார் என்பதைக் 'கொள்' என்னும் துணைவினை தெளிவாக்கும். செவிலியர் ஊசி போட்டார். நோயாளி ஊசி போட்டுக்கொண்டார். எழுத்துத் தமிழில் இவ்வேறுபாடு உறுதியாகப் பேணப்படுகிறது. பேச்சில் "நான் ஊசி போட்டேன்" என்று இருவருமே சொல்வதுண்டு. சூழலே பொருளைத் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் கோவிட்-19 தடுப்பூசித் திட்டம் 2021 சனவரி 16 அன்று தொடங்கியது. அதன்பின் பல மாதங்களுக்கு "போட்டாச்சா?" என்ற ஒற்றைச் சொல்லே முழு வாக்கியமாக இயங்கியது. எழுவாயும் இல்லை, செயப்படுபொருளும் இல்லை; ஆயினும் எவருக்கும் ஐயம் எழவில்லை.

கையெழுத்து, மனு, வழக்கு

அலுவலகத் தமிழில் மனுப் போடுதல், வழக்குப் போடுதல், தீர்மானம் போடுதல், அபராதம் போடுதல், 'உள்ளே போடுதல்' என்று சிறையிலடைத்தல் எனப் பல உள்ளன. ஊதியம் வங்கிக் கணக்கில் சேர்க்கப்படுவதும் 'சம்பளம் போட்டாச்சு' என்றே சொல்லப்படுகிறது. இவற்றுள் ஆராயத்தக்கது கையெழுத்து. எழுதத் தெரிந்தவர் கையெழுத்துப் 'போடுகிறார்'. தெரியாதவர் பெரும்பாலும் கைநாட்டு 'வைக்கிறார்'. முன்னதில் கை தானே இயங்கி எதையோ இட்டுச் செல்கிறது. பின்னதில் மையில் தோய்ந்த விரலைத் தாளில் நிறுத்தி அழுத்துவதே செயல். 1990களின் தொடக்கத்தில் தமிழகத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது, கைநாட்டு வைத்தவர் கையெழுத்துப் போடுபவராக மாறுவதே பலரும் கண்ணால் கண்ட அளவுகோலாக இருந்தது. வைத்தல் போடுதலானது ஒருவரது மதிப்பையே மாற்றியது.

துணைவினையாகவும் தொடர்களிலும்

மற்றொரு வினையின் எச்சத்துக்குப் பின் வரும்போது போடு செயலின் முடிவையும், சில நேரம் பொருட்படுத்தாமையையும் உணர்த்தும். உடைத்துப்போட்டான், தொலைத்துப்போட்டான் என்பவற்றில் ஓர் எரிச்சல் தொனி உண்டு. தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பில் கொன்றுபோடு, அழித்துப்போடு போன்ற வடிவங்கள் மிகுதி. கொங்கு வட்டாரத்திலும் யாழ்ப்பாணத் தமிழிலும் இவ்வடிவம் எரிச்சல் தொனி இன்றி, விடு என்னும் துணைவினைக்கு ஈடாக வழங்குகிறது. யாழ்ப்பாணத்தவர் ஒருவர் 'சாப்பிட்டுப்போட்டு வாறன்' என்றால் அது மதுரைப் பக்கத்துச் 'சாப்பிட்டுட்டு வர்றேன்' என்பதேயாகும்.

'போட்டு' என்னும் எச்சம் முன்னே நின்றால் பொருள் இன்னும் திரியும். போட்டு வாங்குதல் என்பது தந்திரமாகப் பேசி ஒருவரிடமிருந்து செய்தியைப் பெறுதல். போட்டு உடைத்தல் என்பது மறைவை வெளிப்படுத்தல். 'போட்டுக் கொடு' என்பதற்கு ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரு பொருள்கள்: ஒருவரைப் பற்றி மேலிடத்தில் கோள் சொல்லுதல் ஒன்று, ஆட்டோ ஓட்டுநர் "கொஞ்சம் போட்டுக் குடுங்க" என்று கூலியைக் கூட்டிக் கேட்பது மற்றொன்று. பெயர்ச்சொல்லாகவும் இது வரும். நன்றாக ஓடிய திரைப்படம் சக்கைப்போடு போட்டது எனப்படும். ஆட்டையைப் போடுதல் (திருடுதல்), பிளேடு போடுதல் (சலிப்பூட்டுதல்), சோப்புப் போடுதல் (முகத்துதி செய்தல்), நாமம் போடுதல் (ஏமாற்றுதல்), சீன் போடுதல் (பகட்டுக் காட்டுதல்) ஆகியன இளைஞர் பேச்சில் நிலைத்துவிட்டன.

அண்டை மொழிகளில்

இத்தகைய பொதுவினை தமிழுக்கு மட்டும் உரியதன்று. கன்னடத்தில் ஹாகு என்னும் வினையும், தெலுங்கில் வேயு என்னும் வினையும் ஏறத்தாழ இதே பரப்பை ஆள்கின்றன. கோலம் போடுவதும் ஓட்டுப் போடுவதும் அம்மொழிகளில் முறையே ஹாகு, வேயு கொண்டே சொல்லப்படும். மலையாளம் பழைய 'இடு'வையே பேச்சிலும் தக்கவைத்துக்கொண்டது. அங்குச் சட்டையும் 'இடுவர்', பெயரும் 'இடுவர்'. இந்தியில் டால்னா என்னும் வினை ஓட்டுப் போடுவதற்கும், போடு போன்று துணைவினையாகவும் வருகிறது. அருப்புக்கோட்டையில் கன்னடம் பேசும் தேவாங்கரும், சுற்று வட்டாரத்தில் தெலுங்கு பேசுவோரும் தமிழருடன் நெடுங்காலமாக வாழ்கின்றனர். வீட்டில் ஹாகு என்றும் கடைவீதியில் போடு என்றும் ஒருவர் தயக்கமின்றி மாறிக்கொள்வதற்கு இந்தப் பொதுத்தன்மையே துணைசெய்கிறது.

ஆங்கிலத்துடன் ஒப்பீடு

போடு என்பதற்கு ஆங்கில அகராதிகள் முதலில் தருவது 'புட்' என்னும் வினை. ஆனால் 'புட்' என்பதில் வை, போடு இரண்டுமே அடங்கும். மேலும் அது தன் பொருளை மாற்றிக்கொள்ளப் பின்னே வரும் ஆன், ஆஃப், அப் போன்ற சிறு சொற்களை நாடுகிறது. 'புட் ஆன்' என்றால் அணிதல், 'புட் ஆஃப்' என்றால் தள்ளிவைத்தல். போடு தன் பொருளை மாற்றிக்கொள்ள முன்னே வரும் பெயர்ச்சொல்லை நாடுகிறது. ஒன்று வலப்பக்கம் பார்க்கிறது, மற்றொன்று இடப்பக்கம் பார்க்கிறது.

இவ்வேறுபாட்டை எவரும் விளக்காததால் தமிழ்வழி மாணவர் கையெழுத்துப் போடு என்பதை 'புட் சைன்' என்றும், மின்விசிறியைப் போடு என்பதை 'புட் த ஃபேன்' என்றும் பெயர்த்துவிடுகின்றனர். ஆங்கிலத்தில் முன்னதற்குச் 'சைன்' என்ற ஒரு வினையே போதும். பின்னதற்கு 'சுவிட்ச் ஆன்' அல்லது 'டர்ன் ஆன்' வேண்டும். நேர்காணல்களில் இது நகைப்புக்குள்ளாகிறது. ஆயினும் இப்பிழை அறியாமையால் மட்டும் விளைவதன்று. தாய்மொழியின் ஓர் ஒழுங்கான அமைப்பை இன்னொரு மொழியில் நிறைவேற்ற முயல்வதால் விளைவது. சொல்லுக்குச் சொல் பாடம் செய்வதைவிட, பெயரும் வினையும் சேர்ந்த முழுத்தொடருக்கு ஆங்கிலத்தில் என்ன வினை என்று கற்பது பயன் தரும்.

அகராதிகளும் கணினியும்

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இவ்வினைக்குப் பல பொருள்களைத் தருகிறது. 1992இல் முதற்பதிப்பும் பின்னர் 2008, 2020 ஆகிய ஆண்டுகளில் விரிவான பதிப்புகளும் கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, இன்றைய எழுத்தில் உள்ள சொற்களையும் அவற்றுக்கான எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் கொண்டு இத்தகைய வினைகளை விளக்கியது. எனினும் எந்த அச்சு அகராதியும் இதனை முடித்துவிட இயலாது. கைப்பேசியில் 'ரீசார்ஜ் போடு', வாட்சப்பில் 'சுடேட்டசு போடு', கணினியில் 'விண்டோசு போடு' எனப் புதிய பெயர்ச்சொல் எது வந்தாலும் போடு அதனை ஏற்றுக்கொள்கிறது. எழுத்துத் தமிழ் இவற்றுக்கு நிறுவு, பதிவேற்று, இடுகை எனத் தனிச்சொற்களைத் தேடியது. இவற்றுள் இடுகை என்பது மீண்டும் பழைய இடுவிலிருந்து பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

ஒரு சொல்லுக்குப் பல பொருள்கள் இருக்கையில், குறிப்பிட்ட வாக்கியத்தில் எது பொருந்தும் என்று கணினி முடிவு செய்வது பொருள்மயக்க நீக்கம் எனப்படும். 1949இல் வாரன் வீவர் எழுதிய குறிப்பில், ஒரு சொல்லின் இருபுறமும் உள்ள சில சொற்களைப் பார்த்தால் அதன் பொருளைத் தெளியலாம் என்ற கருத்து முன்வைக்கப்பட்டது. கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011இல் சேர்க்கப்பட்டது. 2017இல் அது நரம்பியல் வலையமைப்பு முறைக்கு மாறியது. வீவர் கூறிய வழி போடு என்பதற்குப் பெருமளவு பொருந்தும்; இடப்பக்கம் உள்ள ஒரு சொல்லைப் பார்த்தாலே பாதிக்கு மேற்பட்ட ஐயங்கள் தீர்ந்துவிடும். கோலம் என்றால் வரைதல், முட்டை என்றால் ஈனுதல்.

தீராதவை இரு வகை. ஒன்று, பேச்சில் பெயர்ச்சொல் விடுபட்டு "போட்டாச்சா?" என்று மட்டும் வருவது. மற்றொன்று, பெயர்ச்சொல் இருந்தும் அதுவே பல்பொருள் உடையதாக இருப்பது. "அவர் மருந்து போட்டார்" என்னும் வாக்கியத்தைக் காரியாபட்டியில் ஒருவர் சொன்னால், அவர் வயலில் உரமோ பூச்சிமருந்தோ இட்டிருக்கலாம். காலில் பட்ட காயத்துக்குக் களிம்பு தடவியிருக்கலாம். மாட்டின் புண்ணுக்கு வேப்பெண்ணெய் பூசியிருக்கலாம். அடுத்த வாக்கியம் வரும்வரை மனிதரும் காத்திருக்கத்தான் வேண்டும்.